கஞ்சித்தொட்டி

தொட்டி மூடியைத் திறந்து மோந்து பாக்கேன். பிளாஸ்டிக் வாசனைதான் வருது, வேற என்ன வரும், புத்தம் புதுசு, இதுல இன்னும் யாரும் சாம்பார் ஊத்தலியே. ஆனாலும் பழகின மூக்கு கேக்க மாட்டேங்குது, பெரியதை ஒரு தடவை, சின்னதை ஒரு தடவை, திரும்பப் பெரியதை ஒரு தடவைன்னு மோந்துக்கிட்டே நிக்கேன். அந்தப் பக்கம் பாட்டில் மூடி பொறுக்கிக்கிட்டிருந்த தாடிக்காரன் ஒருத்தன் என்னையே பாத்துட்டு நகந்து போறான். போவே, போ. உனக்கென்ன, உன் வண்டியில ஆள் காத்துக்கிட்டிருக்கும். நான் மூணாவது சனிக்கிழமையா இந்தப் பீர் காய்ச்சுற சாமான் கடைக்கு வாரேன், மூணாவது சனிக்கிழமையா இதே ரெண்டு தொட்டிக்கு முன்னால நிக்கேன், போன ரெண்டு வாட்டியும் ஒரு ஈஸ்ட் பாக்கெட்டை வாங்கிச் சட்டைப்பையில போட்டுக்கிட்டு வெறுங்கையோட போனேன். ஐம்பத்தி நாலு வயசு ஆம்பளை, கனடாவுல சாஸ்கடூன் நகராட்சியோட தண்ணியையே பரிசோதனை பண்ணி இது குடிக்கலாம் இது ஆகாதுன்னு கையெழுத்துப் போடுதவன், ஒரு பிளாஸ்டிக் தொட்டி வாங்கத் துப்பில்லாம நிக்கேன். பெருசா, சின்னதா. அவ்வளவுதான் கேள்வி. ரெண்டும் ஒரே கம்பெனி, ரெண்டும் ஒரே ஆரஞ்சு, ரெண்டுக்கும் அடியில சல்லடை, குழாய் எல்லாம் கடைக்காரனே பொருத்தி வச்சிருக்கான். ஒண்ணு பத்து காலன், ஒண்ணு அஞ்சு காலன். எல, இதுல யோசிக்க என்ன இருக்கு?

யோசிக்க இருக்கத்தான் செய்யுது. மேஷ் டன்னுன்னு இங்கிலீஷ்ல பேரு, என் கூட்டாளி கஸ்பார்தான் அதுக்குக் கஞ்சித்தொட்டின்னு பேரு வச்சான், பஞ்சத்துல அடிபட்ட ஊருக்குத் திறக்கிற மாதிரி, வா ஆவுட, இன்னைக்குக் கஞ்சித்தொட்டி திறப்பு விழான்னுதான் சனிக்கிழமை காலையில போன் பண்ணுவான். முளைகட்டிக் காயவச்ச பார்லியை, மால்ட்டுன்னு சொல்லுவாங்க, ஒண்ணும் ரெண்டுமா உடைச்சு உள்ள போட்டு, கொதிக்கிறதுக்கு ரொம்ப முந்தின சூட்டுல தண்ணியை ஊத்திக் கிண்டி மூடி வச்சிட்டா, ஒரு மணி நேரத்துல பார்லியில இருக்கிற மாவெல்லாம் சர்க்கரையா மாறிரும், குழாயைத் திறந்தா பதநீர் மாதிரி வடியும், அதைத்தான் பிறகு கொதிக்கவச்சு ஈஸ்ட் போட்டுப் பீர் ஆக்குறது. தொட்டிக்கு வேற வேலையே கிடையாது, சூட்டைப் பிடிச்சு வச்சிருக்கணும். அறுபத்தஞ்சு டிகிரின்னா அறுபத்தஞ்சு. நாலு டிகிரி இறங்கினா பீர் தண்ணியாப் போயிரும். அதனாலதான் அளவு. பெரிய தொட்டியில ரெண்டு ஆளுக்கு ஆகிற மாதிரி நிறையப் போட்டா சூடு அப்படியே கட்டிக்கிட்டு நிக்கும், ஒரு ஆளுக்குப் போட்டா அடியில கொஞ்சூண்டு கிடக்கும், மேல பூராவும் காத்து, அந்தக் காத்தே சூட்டைத் தின்னுரும். அப்போ சின்னதை வாங்குன்னு எந்த மடையனும் சொல்லிருவான். சின்னதை வாங்கினா ஒரு ஆளுக்குன்னு எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிரும். அதுதான் விஷயம். தொட்டி வாங்க வரலே நீ, எத்தனை பேருன்னு சொல்ல வந்திருக்க.

ரெண்டு பேர்தான், அப்பவும் ரெண்டே பேர்தான், என்னமோ பெரிய பட்டாளம் இருந்த மாதிரி. கஸ்பார் தூத்துக்குடிக்காரன், நான் அம்பாசமுத்திரம், ஊர்ல இருந்திருந்தா பஸ்ல பக்கத்துப் பக்கத்து சீட்டுல உக்காந்தாக்கூடப் பேசியிருக்க மாட்டோம். இங்க தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவுல, வெளியில மைனஸ் முப்பது, உள்ள வேட்டியைக் கட்டிக்கிட்டு நடுங்கிக்கிட்டு நின்ன என்கிட்ட வந்து, அண்ணாச்சி வேட்டிக்குள்ள பேன்ட் போடலியான்னு கேட்டான் பாரு, அப்பப் பிடிச்சது. அவன்தான் சங்கத்துக்கு உணவுக் கமிட்டி. சங்கத்துச் சொத்து பூராவும் அவன் கராஜுலதான் கிடக்கும், குத்துவிளக்கு, பேனர், பெரிய நீல ஐஸ் பெட்டி. ஐஸ் பெட்டின்னா வெள்ளைக்காரன் பீரைக் குளுகுளுன்னு வைப்பான், நம்மாளு சோத்தைச் சூடா வைப்பான், எந்த நாட்டுக்குப் போனாலும் தமிழ்ச் சங்கம்னு ஒண்ணு இருந்தா சோறு ஐஸ் பெட்டியிலதான் வரும். சோத்துச் சூடு அஞ்சு மணி நேரம் நிக்குதுல்லா, பார்லிக்கு ஒரு மணி நேரம் நிக்காதான்னு கஸ்பார் கேட்டான். நின்னுச்சு. அடியில ஓட்டை போட்டு ஒரு குழாயை வச்சோம். யாருக்கும் சொல்லலே. அடுத்த பொங்கலுக்குச் சோத்துப் பெட்டியில சாம்பாரை ஊத்திட்டாங்க, ஊத்தினவங்களுக்குக் குழாய் இருக்கிறதே தெரியாது, வர்ற வழியில குழாய் நெகிழ்ந்து பொருளாளர் காருக்குள்ள பூராவும் சாம்பார். யார் வச்ச குழாய் இதுன்னு மைக்குல கேட்டாங்க. நான் குனிஞ்சு ஷூ நாடாவைக் கட்ட ஆரம்பிச்சிட்டேன். கஸ்பார் எந்திரிச்சு, பரிமாற வசதியா இருக்கும்னு நான்தான் வச்சேன் தலைவரேங்கான், கூட்டமே கை தட்டுது! அதோட தீந்துதா, அதுக்கடுத்த சனிக்கிழமை அதே பெட்டியில காய்ச்சின பீர் பூராவும் பெருங்காய வாசனை. சோப்புப் போட்டோம், சோடா மாவு போட்டோம், பிளாஸ்டிக்குல ஏறின பெருங்காயம் போகுமா? கொட்டிரலாம்னு சொன்னேன். கொட்டுததாவது, ரசம்னு நினைச்சுக் குடிலேன்னான். ரெண்டு மாசம் ரசம் பீர் குடிச்சோம். மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிப்போம், சிரிப்புல பாதி கீழ போகும். ஃபிலோ, அவன் பெண்டாட்டி, கதவைத் திறந்து எட்டிப் பாத்துட்டு, ரெண்டு கிறுக்கும் ஒண்ணு சேந்துட்டுன்னு மூடிட்டுப் போவா. நான் இப்பவும் கடையில நின்னுக்கிட்டுச் சிரிக்கேன். தாடிக்காரன் திரும்பவும் பாக்கான். பாக்கட்டும்.

அக்டோபர்ல ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேனுக்குப் போயிட்டான். வேலை. பனி பிடிக்கலை, ஃபிலோவுக்கு மூட்டு வலி, கடல் இருக்கு, மீன் கிடைக்கும், எல்லாம் சரியான காரணம்தான், ஒரு காரணத்தையும் நான் குத்தம் சொல்ல முடியாது. ஏர்போர்ட்டுல கட்டிப் பிடிச்சுக்கிட்டு, எல, வருசா வருசம் ஜூலைக்கு வந்துருவேன், பெருசா ஒண்ணு வாங்கி வைய்யின்னான். பெட்டியைச் சங்கத்துக்கிட்ட ஒப்படைச்சிட்டான். அதை நான் டிசம்பர்ல கேட்டு வாங்கிட்டு வந்தேன், வீட்டுல விருந்து, பிரியாணி வைக்கணும்னு சொல்லி. என் வீட்டு பேஸ்மென்ட்டுல வச்சு, ஒரு ஆளுக்கு, பாதி அளவு பார்லி போட்டேன். போர்வை ரெண்டு சுத்தினேன். மூடினேன். மூடிட்டு உக்காந்தேன். அப்பத்தான் தெரிஞ்சது. அந்த ஒரு மணி நேரத்துல செய்யறதுக்கு ஒண்ணுமே இல்லை. முன்ன கவுத்திப் போட்ட வாளியில ரெண்டு பேரும் எதிரெதிர உக்காந்திருப்போம், என்ன பேசினோம்னு கேட்டா சொல்லத் தெரியலை, டயர் மாத்துனது, யாரு வீட்டு அடமானம், ஊர்ல யாரோ செத்தது, பாதி நேரம் ஒண்ணும் பேசறதில்லை, அவன் போன்ல கிரிக்கெட் பாப்பான், நான் அவன் போனை எட்டிப் பாப்பேன். தனியா உக்காந்தா அந்த ஒரு மணி நேரம் நகர மாட்டேங்குது. பாத்திரம் கழுவினேன். துணியை மடிச்சேன். சூடு எவ்வளவு இருக்குன்னு மூடியைத் திறந்து பாத்தேன். திறக்கக் கூடாது, திறந்தா சூடு போயிரும், தெரியும், பாத்தேன். அஞ்சு நிமிசம் கழிச்சுத் திரும்பப் பாத்தேன். தானாப் போற சூடு கொஞ்சம், நான் திறந்து விட்ட சூடு கொஞ்சம். மூடியைத் திறக்காம இருக்கிறதுக்குத்தான் ரெண்டு ஆள் வேணும், வேற ஒண்ணுக்கும் இல்லை. பீர் தண்ணியா வந்துச்சு. கீழ ஊத்திட்டேன். பெட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது சங்கத்துக்காரங்க, பிரியாணி நல்லா வந்துச்சா, விருந்தாளிங்க நிறையப் பேரான்னு கேட்டாங்க. நிறையப் பேருன்னு சொன்னேன்.

கேவலம் ஒரு பீருக்கா இவ்வளவும்? கடையில கிடைக்காத பீரா? நான் என்ன பெரிய குடிகாரனா, ஒண்ணு குடிச்சா கொட்டாவி வரும், ரெண்டாவது கிளாஸுக்கு மேல என்னைக்கும் போனதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப்ல, ஹேவ் எ குட் வீக்கெண்டுன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்தினா திங்கக்கிழமை காலையில குட்மார்னிங் சொல்ற வரைக்கும் வாயைத் திறக்க வேலையில்லை. அந்தக் குட்மார்னிங் கரகரன்னு வருது. போன வாரம் பக்கத்து மேசைக்காரி, உனக்குச் சளியான்னு கேட்டா. ஆமான்னேன். என்னன்னு சொல்ல, சளி இல்லம்மா, ரெண்டு நாளாத் தொண்டையை யாரும் உபயோகிக்கலைன்னா? பெண்டாட்டி கோமு இருந்தப்பவும் பேச்சு குறைவுதான். ரெண்டாவது பனிக்காலத்துலயே ஊருக்குக் கிளம்பிட்டா, குளிர் தாங்கலைன்னு சொல்லி. குளிர் இல்லைன்னு எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், வக்கீலுக்கும் தெரியும். அது ஆறிப்போச்சு, பதினெட்டு வருசத்துக்கு முந்தின கதை, அதைக் கிளறி இப்ப என்ன? இப்ப பயம் வேற. வெந்நீர்ப் பானையை ஒத்தைக் கையில தூக்கும்போது சறுக்கினா? பேஸ்மென்ட் படியில விழுந்தா? திங்கக்கிழமை லேப்ல தேடுவாங்க. முதல்ல போன் பண்ணுவாங்க, எடுக்கலைன்னா லீவு போலன்னு நினைப்பாங்க, செவ்வாய்க்கிழமைதான் ஆள் வரும். அடச்சீ, தொட்டி வாங்க வந்த இடத்துல சாவைப் பத்தி யோசிக்கான் பாரு கூறுகெட்ட பய. ஆனா யோசிச்சது யோசிச்சதுதான். பெரிய தொட்டியைத் தடவிப் பாக்கேன். கனமான மூடி. இதைத் தூக்கணும்னா ரெண்டு ஆள், நிறைச்ச பிறகு ஒருத்தனால நகட்டக்கூட முடியாது, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கஸ்பார், ஏலே தூக்கு, முதுகைப் பிடிச்சுக்கோ. ஜூலை வர இன்னும் நாலு மாசம். வந்தான்னா? வந்து நின்னு, என்னலே சுண்டைக்காய் மாதிரி ஒண்ணை வாங்கி வச்சிருக்க, நான் வருவேன்னு சொன்னேனேன்னு கேட்டா என்ன மூஞ்சியை வச்சுக்கிறது? அதுவும் நியாயம்தானே. சொல்லிட்டுத்தானே போனான். ஒருத்தன் வாரேன்னு சொன்னா இடம் போட்டு வைக்கணும். நான் என்ன வேணும்னு கேக்கேன், பீரா வேணும்? எனக்குக் கஸ்பார் வேணும். சனிக்கிழமை காலையில போன் அடிக்கணும். இதைச் சொல்ல வெக்கமா இருக்கு, இந்த வயசுல, பொம்பளையை நினைச்சு உருகினாலும் ஒரு மரியாதை இருக்கும். சரி, அவன்கிட்டயே கேட்டுருவோம். இங்க சனிக்கிழமை மத்தியானம் மூணு மணின்னா அங்க ஞாயித்துக்கிழமை விடிஞ்சிருக்கும். தொட்டி விஷயம், தொழில்நுட்பச் சந்தேகம், கேக்கிறதுல தப்பே இல்லை. போனை எடுக்கேன். திரும்ப உள்ள வைக்கேன். எடுக்கேன்.

அடிச்ச உடனேயே எடுத்துட்டான். "என்ன ஆவுட, உயிரோடதான் இருக்கியா?" அந்தக் குரல்ல எனக்குக் கண்ணு கலங்கிட்டு, சவம், தொண்டையைச் செருமிக்கிட்டு, "இருக்கேன், கடையில நிக்கேன், கஞ்சித்தொட்டி வாங்க"ன்னேன். "இன்னுமா வாங்கலை? நான் கிளம்பும்போதே வாங்கச் சொன்னேனே. இங்க மாதா கோயில் வாசல்ல நிக்கேன்டே, பூசைக்கு வந்திருக்கோம், சீக்கிரம் சொல்லு." பின்னால கார்க் கதவு சாத்துற சத்தம், குருவியோ என்னமோ ஒண்ணு கத்துற சத்தம், இங்க ஒரு குருவியும் இன்னும் திரும்பி வரலை. "ரெண்டு இருக்கு. பத்து காலன், அஞ்சு காலன். எது வாங்க?" அவன் யோசிக்கவே இல்லை. யோசிக்கவாவது செஞ்சிருக்கலாம். "உனக்கெதுக்குலே பெருசு? சின்னதை வாங்கு. பெருசுல பாதிக்குப் போட்டா சூடு நிக்காதுன்னு உனக்குத் தெரியாதா?" "தெரியும்." "பின்ன என்ன கேள்வி?" நான் பெரிய தொட்டியோட குழாயைத் திருகிக்கிட்டு நிக்கேன். "ஹலோ, ஆவுட, இருக்கியா?" "இல்ல... ஜூலைக்கு நீ வாரேன்னியே." சொல்லிட்டேன். அந்தப் பக்கம் குருவி மட்டும் கத்துது. பிறகு அவன் குரல் இறங்கி வருது, எனக்கு ஆறுதல் சொல்லும்போது வர்ற குரல், கோமு விஷயத்தைச் சொன்ன அன்னைக்கு வந்த குரல். "எல, ஜூலையில ஃபிலோ தங்கச்சி குடும்பம் இங்க வாராங்க. வீடு வேற பாத்துக்கிட்டிருக்கோம். பாப்போம், என்ன?" "பாப்போம்." "கோவிச்சுக்கிட்டியா?" "ச்சே, இதுக்கெல்லாமா கோவிப்பாங்க." "நீ இங்க வாயேம்லே, கடல் பாக்கலாம்." "வாரேன்." ஃபிலோ குரல் கேக்குது, யாரு, அண்ணனா, கேட்டேன்னு சொல்லுங்க, குளிருக்குத் தலையை மூடிக்கிடச் சொல்லுங்கங்கா. "கேட்டியா, தலையை மூடிக்கிடணுமாம். பூசை ஆரம்பிச்சிட்டு, வைக்கேன்டே. சின்னதை வாங்கு, சரியா?" "சரி." வச்சுட்டான்.

பாப்போம்னா வரலைன்னு அர்த்தம், அம்பாசமுத்திரத்துலயும் அதான் அர்த்தம், தூத்துக்குடியிலயும் அதான். கோவம் வருது, யாரு மேலன்னு தெரியலை. அவன் மேல இல்லை, அவன் என்ன செய்வான், அவன் சரியாத்தானே சொன்னான், நான் கேட்டது தொட்டி, அவன் சொன்னதும் தொட்டி. சூடு நிக்காதுன்னு சொன்னதுல என்ன தப்பு? நான் தினமும் லேப்ல பாக்கிற கணக்குதானே. ஆனா யோசிச்சிருக்கலாம். ஒரு நிமிசம், ம்ம்ன்னு ஒரு இழுப்பு இழுத்திருந்தாக்கூட நான் பெருசை வாங்கிட்டுப் போயிருப்பேன், போர்வை சுத்தி, தண்ணி பீரைக் குடிச்சுக்கிட்டு, ஜூலை வரைக்கும் ஓட்டியிருப்பேன், அடுத்த ஜூலை வரைக்கும்கூட. பெரிய தொட்டியோட மூடியைச் சரியா மூடி வைக்கேன். திருகிப் பாக்கேன், இறுக்கமாத்தான் இருக்கு. சின்னதைத் தூக்குதேன். ஒத்தைக் கையில வந்துட்டு. கக்கத்துல இடுக்கிக்கிட்டு நடந்தா இடிக்கக்கூட இல்லை. நடந்து போறேன், மால்ட் மூட்டை எல்லாம் தாண்டி, உடைக்கிற மிஷின் தாண்டி, அதுக்குப் பக்கத்துல வந்தா எப்பவும் மாவு வாசனை அடிக்கும், இன்னைக்கும் அடிக்குது.

கல்லாவுல பழைய ஆள் இல்லை. இருந்திருந்தா உன் ஃப்ரெண்ட் எங்கன்னு இன்னைக்கும் கேட்டிருப்பான், அதுக்கு ஒரு பதில் தயார் பண்ணிக்கிட்டுத்தான் வந்தேன். புதுசா ஒரு அம்மா உக்காந்திருக்கா, அறுபது வயசிருக்கும், கண்ணாடியைக் கயித்துல கட்டிக் கழுத்துல தொங்கவிட்டிருக்கா, சட்டையில டோரீன்னு பேரு குத்தியிருக்கு. மால்ட் எவ்வளவு வேணும்னு கேட்டா. எப்பவும் வாங்குறதைச் சொல்ல வாயெடுத்துட்டுப் பாதியைச் சொன்னேன். உடைச்சுப் பையில கட்டிக்கிட்டு வந்து வச்சா. தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பாத்து, "ஆரம்பிக்கிறவங்களுக்கு நல்ல அளவு"ன்னா, "உங்களுக்கா?" "இல்ல, என் ஃப்ரெண்டுக்கு"ன்னு வாய் தன்னால சொல்லிட்டு. ஏன் சொன்னேன்னு தெரியலை. சொன்ன பிறகு நிறுத்த முடியலை. "ஓ, பரிசா? இதுக்கு முன்னால அவர் காய்ச்சியிருக்காரா?" "காய்ச்சியிருக்கான், வருசக் கணக்கா. ஆனா கூட ஒரு ஆள் இருந்தான்." "இப்ப?" "போயிட்டான். இவன் மட்டும்தான்." அந்த அம்மா கண்ணாடியை மேல ஏத்தி என்னை ஒரு தடவை நல்லாப் பாத்தா. கல்லாவுக்கு அடியில கையை விட்டு ஒரு சிவப்பு ரிப்பனை எடுத்தா, தொட்டியைச் சுத்தி ஒரு சுத்து, மூடி மேல ஒரு முடிச்சு. வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். சொல்லலை. பில்லை நீட்டிக்கிட்டே, "தனியாச் செய்யத் தெரியுமா உங்க ஃப்ரெண்டுக்கு?"ன்னு கேட்டா.

"இனிமேத்தான் பழகணும்"னேன்.